ஏழாம் ஆணி

சாவி ஈரமாக இருந்தது.

வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, விடுதி மேசைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது, சுவரில் வரிசையாகத் தொங்கும் மற்ற சாவிகளெல்லாம் சுக்காகக் காய்ந்து கிடக்கின்றன. அவர் கைக்கு வந்த சாவி மட்டும் இப்போதுதான் கடலுக்குள்ளிருந்து எடுத்ததுபோல் சொட்டிக்கொண்டிருந்தது. அதோடு கோத்திருந்த பித்தளை வில்லையைத் திருப்பிப் பார்த்தார். ஏழு என்று பொறித்திருந்தது.

"ஏம்மா, ரூம் ரெண்டுன்னு சொன்னீங்க. இதுல ஏழுன்னு இருக்கு?"

"ரூம் ரெண்டுதான் அண்ணே. வில்லை வேற ஒருத்தரோடது," என்றாள் விடுதிக்காரி.

நாற்பது வயது இருக்கும். உப்புத்தண்ணீரில் வெளுத்த முடி. தோளில் டைவிங் சிலிண்டரின் வார் அழுத்திய கறுத்த தடம். சிரிக்காதபோதும் கன்னத்தில் குழி விழும் அந்த முகத்தை அவருக்குத் தெரியும். வேறொருவன் முகத்தில் தினமும் பார்த்த குழி அது.

"அக்கா, எங்கப்பா இந்தத் தீவுலதான் டைவிங் கைடா இருந்தார், தெரியுமா?" என்று மகள் பெட்டியை இறக்கி வைத்த கையோடு ஆரம்பித்துவிட்டாள். "எந்த ஊர்னு கேட்டா வாயே திறக்க மாட்டார். பழைய போட்டோவுல படகு பேரைப் பார்த்து நானே தேடிக் கண்டுபிடிச்சேன். அம்பதாவது பிறந்தநாளுக்கு என் பரிசு. டிக்கெட்டைக் காட்டினப்போ மூஞ்சி எப்படிப் போச்சுங்கறீங்க!"

"போயிருக்கும்மா," என்றாள் விடுதிக்காரி. "படகுத்துறையில இறங்கும்போதே நானும் தெரிஞ்சுக்கிட்டேன். தாடி வெச்சா ஆள் மாறிடுமா என்ன? எங்கண்ணன் கூடத்தான் வேலை பார்த்தார்."

அவர் பல்லைக் காட்டினார். "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டும் வைத்தார்.

சாயங்காலம் மகளோடு ஒரு சுற்று நடந்தார். மணலில் விரித்த வலைகள், செதில் ஒட்டிய தராசுகள், மீன்கூடைகளுக்கு நடுவே கண்ணாடிக் கதவு போட்ட டைவிங் கடைகள், வாசலில் கவிழ்த்துப்போட்ட ரப்பர் உடுப்புகள் தலையில்லாத ஆட்களாகத் தொங்கும் கொடிகள். முன்பு மூன்று கடை இருந்த தெருவில் இப்போது பதினைந்து கடை. அடையாளம் தெரியாமல் மாறியிருக்க வேண்டும் என்று அவர் மனசுக்குள் வேண்டிக்கொண்டார். பாழாய்ப்போன வாடை மாறவில்லை. மீன், டீசல், ஈர ரப்பர்.

திரும்பி வந்தபோது மாடி வராந்தாவில் விடுதிக்காரி மூன்று கோப்பைத் தேநீரோடு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. எங்கண்ணனைக் கடைசியாப் பார்த்தது நீங்கதான். எப்படி இருந்தான்?"

மகள் கோப்பையை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அதான் அன்னிக்கே விசாரணையில சொன்னேனேம்மா. படகுல ஏறினான். வில்லையைத் தன் கையால ஆணியில மாட்டினான். நானே பார்த்தேன். கொஞ்சம் குடிச்சிருந்தான். அப்புறம் யாருக்கும் தெரியாம மறுபடி குதிச்சிருப்பான்."

"தன் கையாலயா?"

"தன் கையாலதான்."

அவள் சாவியைக் கேட்டு வாங்கி, வில்லையை விரலால் தடவினாள். "அன்னிக்கு ஆணியில தொங்கினது இதுதான். அவன் கடைசியாத் தொட்டதாச்சேன்னு இத்தனை நாள் வெச்சிருக்கேன். ஒண்ணுதான் புரியலை. தண்ணிக்குள்ள ரெண்டு கையிலயும் வேலை இருந்தா அவன் வில்லையைப் பல்லுல கடிச்சுக்குவான். ஓரத்துல பல்லுத் தடம் பள்ளமா விழுந்திருக்கும். இதுல ஒரு கீறல்கூட இல்லையே அண்ணே?"

"தேஞ்சிருக்கும்மா," என்றார் அவர்.

"அப்ப சரி அண்ணே," என்றாள் அவள். வில்லையைக் கழற்றிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

தேயவில்லை. அவருக்குத் தெரியாதா?

டைவிங் படகில் ஒரு பலகை இருக்கும். பலகையில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கொரு வில்லை. இறங்குகிறவர் தன் எண்ணைக் கழற்றி இடுப்பில் கோத்துக்கொண்டு குதிக்க வேண்டும், ஏறியதும் தன் கையாலேயே திரும்ப மாட்ட வேண்டும். அடுத்தவர் வில்லையைத் தொடக் கூடாது, பெற்ற அப்பனாக இருந்தாலும். எல்லா ஆணியும் நிறையாமல் டிரைவர் என்ஜினைத் தொடமாட்டார். பதினெட்டு வருடத்துக்கு முன் அப்படி ஒரு நாள் ஏழாம் ஆணி மட்டும் காலியாக நின்றது. காற்று ஏறிவிட்டது, பயணிகளில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார், எல்லோரும் கத்துகிறார்கள். ஏழாம் எண்காரனை ஊரே நீர்க்காக்கா என்று கூப்பிடும். ஒரு பக்கம் முங்கி, யாரும் நினைக்காத பக்கத்தில் எழும்பி, "தேடினீங்களா அண்ணே?" என்று கன்னக்குழி விழச் சிரிப்பான். அடுத்த சீசனில் தலைமை கைடு அவன்தான் என்று முதலாளி அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். அதுவும் அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. இருக்கையின் அடியில் டப்பாவில் மாற்று வில்லைகள் இருந்தன. டிரைவர் நங்கூரம் இழுக்கக் குனிந்த நேரம் அவர் ஏழாம் எண் போட்ட புது வில்லையை எடுத்து மாட்டினார். மாட்டிவிட்டு, "ஏழு வந்தாச்சு, விடுங்க!" என்றார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து தூக்கிக்கொள்ளலாம் என்று நினைத்ததாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காற்று இரண்டு நாள் விடவில்லை. செத்தவனைக் குடிகாரனாக்கிவிட்டு அவர் தீவை விட்டுக் கிளம்பினார். அவன் குடிக்கவே மாட்டான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மகள் நாளைக்கு வேண்டிய உடுப்பைப் போட்டுப் பார்க்கக் கீழே போனாள். அவர் கட்டிலில் சாய்ந்தார். குளியலறையிலிருந்து சத்தம் வந்தது. முதலில் குழாய் சொட்டுகிறது என்று நினைத்தார்; பிறகு பக்கத்து வீட்டு மோட்டார் என்று நினைத்தார்; அது இரண்டும் இல்லை என்று அவருடைய உடம்புக்கு அவருக்கு முன்பே தெரிந்துவிட்டது, ஏனென்றால் பன்னிரண்டு வருடம் அந்தச் சத்தத்துக்குள்தான் அவர் பிழைப்பு நடத்தினார். சிலிண்டர் குழாயின் முனையிலுள்ள ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு ஒருவன் மூச்சை இழுக்கிறான். ஸ்ஸ்ஸ். விடுகிறான். குபுகுபு.

எழுந்து போய்க் கதவைத் தள்ளினார். குழாயடியில் நீல வாளி. விளிம்புவரை தண்ணீர். நல்ல தண்ணீர் இல்லை, கடலின் வாடை மூக்கைத் துளைத்தது. வாளியின் அடியிலிருந்து குமிழிகள் கொத்தாக ஏறி வந்து மேலே உடைந்தன. நின்றன. நாலு எண்ணும் நேரம். மறுபடி ஏறின. நிதானமான மூச்சு. அவசரமே இல்லாத மூச்சு. அவர் காலால் வாளியை உதைத்துக் கவிழ்த்தார். தரையெல்லாம் மணல். வாளி காலி.

குமிழிச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

காலையில், "காய்ச்சல் அடிக்குது, இன்னிக்கே கிளம்பிடலாம்டா," என்றார் மகளிடம்.

அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஐஸ் மாதிரி இருக்கு. நடிக்காதீங்கப்பா! நீங்க பார்த்த கடலை நான் பார்க்க வேண்டாமா? சின்ன வயசுல கதை கதையா சொன்னீங்களே."

பத்து மணிக்குப் படகு கிளம்பியது. பயணிகள் ஐந்து பேர், மகள் ஆறாவது. கைடாக இறங்குவது விடுதிக்காரியேதான். என்ஜினில் அதே பழைய டிரைவர், கொஞ்சம் காது மந்தம். பலகையும் அதேதான், எண்ணெய் கறுத்துப் பளபளத்தது. இவர் காதுச் சவ்வு கிழிந்தவர், இறங்க முடியாது. பலகைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

விடுதிக்காரி எல்லோருக்கும் எண் கொடுத்து வந்தாள். கடைசியாக, தன் இடுப்புப் பையிலிருந்து சாவி வில்லையை எடுத்தாள்.

"இந்தா கண்ணு. உனக்கு ஏழு."

"வேற நம்பர் குடும்மா," என்றார் அவர்.

"ஏன் அண்ணே?"

"சும்மாதான். வேற குடேன்."

"இது எங்கண்ணன் தன் கையால மாட்டினதுன்னு நீங்கதானே சொன்னீங்க? பத்திரமா ஏறினவனோட வில்லைதானே? இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. இப்பவே படகைத் திருப்பிடறேன்."

ஒரே ஒரு வார்த்தை போதும். படகில் இருந்த எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மகளும் பார்த்தாள், கொஞ்சம் வெட்கத்தோடு, கொஞ்சம் பெருமையோடு, ஐந்து வயதில் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு பார்த்த அதே பார்வை. அந்தப் பார்வை போய்விடுமே. அதுதான் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது.

"இல்ல... பத்திரமாத்தான் ஏறினான்," என்றார்.

விடுதிக்காரி வில்லையை மகளின் இடுப்பு வாரில் தானே கோத்துவிட்டாள். "உங்கப்பாவே சொல்லிட்டார் கண்ணு. வா."

மகள் மஞ்சள் துடுப்புகளைக் காலில் மாட்டினாள், அவருக்குக் கையசைத்தாள், பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாள். தண்ணீர் மூடிக்கொண்டது.

நாற்பது நிமிடம் அவர் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு கொத்துக் குமிழிகள். திரும்பத் திரும்ப எண்ணினார். ஏழு. ஏழு. பிறகு காற்று ஏறியது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது, அலை படகின் விலாவில் பளார் பளாரென்று அறைந்தது, கயிறுகள் கிறீச்சிட்டன. மறுபடி எண்ணினார்.

எட்டு.

முதல் ஆள் ஏறினார். வில்லையை மாட்டினார். இரண்டாவது ஆள். மூன்றாவது. ஒரு கணவனும் மனைவியும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். விடுதிக்காரி ஏறி ஒன்றாம் எண்ணை மாட்டினாள்.

ஏழாம் ஆணி காலி.

"எங்கம்மா என் பொண்ணு?"

"பின்னாடியேதான் வந்தா அண்ணே. ஏறுவா."

ஏணி ஆடியது. மஞ்சள் துடுப்புகள் இரண்டும் முதலில் படகுக்குள் வந்து விழுந்தன. அவருக்கு உயிர் திரும்பியது. மகளின் நீல உடுப்பு, மகளின் மாஸ்க், நெற்றியோடு ஒட்டிய முடி. அவள் மாஸ்க்கைக் கழற்றவில்லை. நேராகப் பலகைக்குப் போனாள். வாயிலிருந்து எதையோ எடுத்தாள். ஏழாம் ஆணியில் மாட்டினாள். அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

வில்லை ஆணியில் ஆடியது.

பச்சைக் களிம்பு. ஓரமெல்லாம் சிப்பி. நடுவில் ஏழு. அதன் விளிம்பில் வரிசையாக, ஆழமாக, பல் தடங்கள்.

டிரைவர் பலகையை ஒரு பார்வை பார்த்தார். "நிறைஞ்சிருச்சு! விடறேன்!"

"வேண்டாம்! நிறுத்துங்க! அது என் பொண்ணு இல்ல!"

பயணிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதான் பக்கத்துல உக்காந்திருக்காங்களே சார்," என்றார் கணவன்.

"பலகையை நம்பாதீங்க! அன்னிக்கு நான்தான் மாட்டினேன்! அவன் ஏறவே இல்ல! நான்தான்!" சொல்லிவிட்டார். பதினெட்டு வருடம் கழித்து, காற்றுக்கு எதிரே, தொண்டை கிழிய.

என்ஜின் உறுமியது. விடுதிக்காரி அவர் முன்னால் குனிந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமே அண்ணே," என்றாள். "இப்ப ஏழு தொங்குதே. தன் கையாலதான் மாட்டினா. நானே பார்த்தேன்."

அவர் கடலில் குதிக்க எழுந்தார். மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. மகளின் விரல்கள். மகளின் மோதிரம். பனிக்கட்டியின் குளிர். திரும்பினார். மாஸ்க்குக்குள் விளிம்புவரை தண்ணீர். தண்ணீருக்குள் இரண்டு கண்கள், இமைக்காமல். கீழே கன்னத்தில் மெல்ல ஒரு குழி விழுந்தது.

"தேடினீங்களா அண்ணே?"

படகு திரும்பியது. பின்னால், வெகு தூரத்தில், இரண்டு அலைகளுக்கு நடுவே ஒரு கை உயர்ந்திருந்தது. அதில் பித்தளை மின்னியது. ஒரு கீறல்கூட இல்லாத புது வில்லை.

கை இன்னும் அசைந்துகொண்டிருந்தது.