டோரீன் பெயரில் ஓடிக்கொண்டிருப்பது

கோட் மாட்டும் கொக்கியில் டோரீனின் கோட்டைக் காணவில்லை.

காலையில் அவளே மாட்டியது. பச்சைக் கம்பளிக் கோட்டு. இடது பையில் கார் சாவி, வலது பையில் ட்ரூடிக்கு வாங்கிய இருமல் மிட்டாய். கீழே பூட்ஸ் நின்ற இடத்தில் பனி உருகிய ஈரம் மட்டும் கிடந்தது. யாரோ அவசரத்தில் மாற்றி எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். ஆனால் பூட்ஸுமா? அடுத்தவர் பூட்ஸுக்குள் காலை விட்ட பிறகுமா ஒருவருக்குத் தெரியாமல் போகும்?

மதியத்திலிருந்து நியூ ஜெர்சி முழுக்கப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆய்வுக்கூடத்தில் அவள் பிரிவினர் எல்லோரும் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிட்டார்கள். ஷெல்லுக்கான கையேட்டுப் பக்கம் காலையில் அச்சுக்குப் போயாக வேண்டும் என்பதால் டோரீன் மட்டும் உட்கார்ந்துவிட்டாள். நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி மிஷினிடம் வேலை வாங்கித் தருகிற புரோகிராம்தான் ஷெல். அதன் பெயருக்குப் பின்னால் ஒரு சிறு கோடும் ஓர் எழுத்தும் சேர்த்து அடித்தால் அதன் குணம் மாறும். எந்த எழுத்துக்கு எந்தக் குணம் என்று எழுதி வைப்பது அவள் வேலை.

ஷெல்லை உருவாக்கிய வாரனுக்கு ஒரே பிடிவாதம். "என்கிட்ட கேட்டு எழுதாத தாயே, நீயே அடிச்சுப் பாத்து எழுது. சமைச்சவன் பேச்சை நம்பி உப்பு சரியா இருக்குன்னு யாராவது எழுதுவாங்களா?" என்பான். அதனால் ஒவ்வோர் எழுத்தையும் சோதிக்க, ஓடிக்கொண்டிருக்கும் ஷெல்லுக்குள்ளேயே இன்னொரு ஷெல்லைத் திறப்பாள். உள்ளே பிறப்பதற்கு வெளியே இருப்பதன் நினைவு மொத்தமும் வந்துவிடும். பார்த்து முடித்ததும் உள்ளே இருப்பதை மூடிவிட்டு வெளியே வரவேண்டும். கடைசி எழுத்தை அடிக்கும்போது கை தவறி, வரியின் முடிவில் ஒரு குறியையும் தட்டிவிட்டாள். இது தன்பாட்டுக்கு ஓடட்டும், நான் காத்திருக்கப் போவதில்லை என்று மிஷினுக்குச் சொல்லும் குறி. புதிதாகச் சேர்கிறவர்கள் இப்படி எதையாவது ஓடவிட்டு, அதை மறந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்காக அவர்களை வாய் வலிக்கத் திட்டியவள் அவள்தான்.

சரி, அதை மூடிவிட்டு ஓடலாம் என்று எழுந்தபோதுதான் கோட்டைத் தேடினாள்.

பக்கத்து வீட்டு ஆக்னஸ் இருட்டும் வரைதான் ட்ரூடியுடன் இருப்பாள். ஏழு வயதுக் குழந்தை, உடம்பு அனலாகக் கொதிக்கிறது. கோட்டு போனால் போகட்டும், மேசை விரிப்பைச் சுற்றிக்கொண்டாவது போய்விடலாம் என்று ஜன்னலுக்குப் போய்க் கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கீழே பார்த்தாள். மஞ்சள் விளக்கடியில் அவள் கார் நின்ற இடம் காலி. சக்கரத் தடம் வெளிவாசல் வரை போயிருந்தது. அதன் மேல் பனி மெல்ல விழுந்து நிரப்பிக்கொண்டிருந்தது.

நெற்றியில் குளிர் படவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

மேசைக்குத் திரும்பினாள். அவள் கட்டளைகளை அடிக்கும் டெலிடைப் இயந்திரத்தின், நாள் முழுக்க அறையை நிறைத்திருந்த சூடான எண்ணெய் வாசனை இல்லை. காபிக் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனாள். அதிலும் ஒன்றும் இல்லை. சளிதான், குழந்தையிடமிருந்து ஒட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனை எடுத்தாள்.

"ட்ரூடி? ஆக்னஸ் ஆன்ட்டி இருக்காங்களா கண்ணு?"

"அவங்க போய்ட்டாங்களே." குழந்தை சிரித்தது. "நீ எப்படிம்மா போன்ல பேசுற?"

"ஏன்டா?"

"நீ கிச்சன்லதானே இருக்க. எனக்கு சூப் சுட வைக்கிற."

போனில், குழந்தையின் மூச்சுக்கு அப்பால், பாத்திரத்தில் கரண்டி உரசும் சத்தம். யாரோ ஒருத்தி மெல்லிய குரலில் முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அது அவள் குழந்தைக்கு மட்டும் பாடும் மெட்டு. அவளே இட்டுக்கட்டியது. வேறு யாருக்கும் தெரியாது.

"ட்ரூடி, வெளிய ஓடு. ஆக்னஸ் வீட்டுக்கு ஓடு."

"பனி பெய்யுதே," என்றது குழந்தை. லைன் அறுந்தது.

இயந்திர அறைக்குப் போன் போட்டாள். ஆபரேட்டர் எமில் அங்கேதான் இருப்பான், கடைசியாகப் போகிறவன் அவன்தான்.

"எமில், என் வீட்டுக்குள்ள யாரோ..."

"அட, டோரீன்! பத்திரமா போய்ச் சேந்துட்டியா? உன் கார் கண்ணாடில ஐஸைச் சுரண்டிச் சுரண்டி என் விரல் இன்னும் வெறைச்சுக் கெடக்கு. ஒரு தேங்ஸ் சொன்னியா நீ?"

"நான் போகவே இல்ல. ஆபீஸ்ல இருக்கேன்."

"காய்ச்சல் உனக்கும் வந்துடுச்சா? நான்தானேம்மா உன்னை ஏத்திவிட்டேன்." அவன் பின்னால் மிஷினின் இரைச்சல். "நல்லவேளை, நீயே கூப்பிட்ட. உன் பேர்ல ஏதோ ஒண்ணு இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு. பெரிய வாத்தியாரம்மா, நீயே மறந்துட்டுப் போய்ட்ட பாரு. கரண்ட் வேற விட்டு விட்டு வருது, மிஷினை இறக்கி அணைக்கணும். அதை நிறுத்திடவா?"

வரியின் முடிவில் அந்தக் குறி. தட்டியது அவள்தான். ஆனால் தட்டியவள் எழுந்து, கோட்டு மாட்டி, எமிலோடு சிரித்துப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போயிருந்தால்? அப்படியானால் அவள் பெயரில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது யார்?

"நிறுத்தாத."

"ஏன், அது என்ன உசுரா?" எமில் சிரித்தான். "சரி, கொஞ்ச நேரம் தரேன். யோசிச்சுச் சொல்லு."

அவள் ஓடினாள். நீண்ட தாழ்வாரம், தலைக்கு மேல் விளக்குகளின் ரீங்காரம். அவள் காலடிச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. இயந்திர அறையின் கண்ணாடிக்கு அப்பால் எமில் சாண்ட்விச்சைக் கடித்தபடி நின்றான். கண்ணாடியில் அறைந்தாள். இரண்டு கையாலும் அறைந்தாள். சத்தமே எழவில்லை. எமில் நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தான். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, மீசையில் ஒட்டிய கடுகை விரலால் துடைத்துக்கொண்டான்.

தன்னிடமிருந்து கம்பி வழியாகப் போவது மட்டும்தான் வெளியே போய்ச் சேர்கிறது. மறுபடி மேசைக்கு ஓடினாள். வீட்டு எண்ணைச் சுழற்றினாள்.

"ஹலோ?"

அவள் குரல்தான். வாக்கியத்துக்கு முன்னால் தொண்டையைச் செருமும் அவள் பழக்கம்.

"யாரு பேசுறது? என் குழந்தையை எதுக்குப் பயமுறுத்துறீங்க?"

"என் குழந்தை," என்றாள் டோரீன். அழுகை வந்துவிட்டது. "நான் பெத்தது. பிரசவத்துல பட்டதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. நீ கடைசி எழுத்தைச் சோதிக்கிறப்ப, வரி முடிவுல..."

மறுபக்கம் மூச்சு நின்றது. புரிந்துவிட்டது. புரியாமல் இருக்குமா, டோரீனுக்கு?

"எமிலுக்குப் போன் பண்ணு. நிறுத்த வேண்டாம்னு சொல்லு. உன்னைக் கெஞ்சிக் கேக்கிறேன். நான் எதையும் எடுத்துக்க மாட்டேன். இன்னும் ஒரே ஒரு தடவை அவ குரலைக் கேக்கணும்."

தூரத்தில் ட்ரூடி இருமினாள்.

"நான் அவளைப் பாத்துக்கிறேன்," என்றது அந்தக் குரல், மிக மென்மையாக. போன் வைக்கப்பட்டது.

திரும்பச் சுழற்றினாள். லைன் பிஸி. வீட்டிலிருந்து எங்கோ பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் காத்திருந்தாள். சத்தம் இல்லை. பனிகூட நின்றுவிட்டது.

டெலிடைப் தானாக உயிர்பெற்று அதிர்ந்தது. மிஷினை இறக்கும்போது எல்லா டெலிடைப்புக்கும் எமில் அனுப்பும் வழக்கமான அறிவிப்பு. சுத்தியல்கள் படபடவென்று காகிதத்தைக் குத்தின. மிஷின் இறங்குகிறது. எல்லோரும் வெளியேறவும். டோரீன் வீட்டிலிருந்து கூப்பிட்டுச் சொன்னபடி, அவள் பெயரில் ஓடிக்கொண்டிருப்பதை முதலில் நிறுத்துகிறேன்.

இல்லை.

விசைகளின் மேல் பாய்ந்தாள். எமில் நிறுத்தாதே. எமில் இது நான். எழுத்து பிசகியது. திருத்த நேரமில்லை. ட்ரூடிக்கு இருமல். ட்ரூடிக்கு இருட்டு என்றால் பயம். ட்ரூடி. தாழ்வாரத்தின் கோடியில் ஒரு விளக்கு அணைந்தது. அடுத்தது. அதற்கு அடுத்தது.

தலையை நிமிர்த்தினாள்.

இருண்ட ஜன்னல் கண்ணாடியில் அறை முழுவதும் தெரிந்தது. மேசை தெரிந்தது. காகிதம் மேலேறிக்கொண்டே போவது தெரிந்தது. விசைகள் ஒவ்வொன்றாக, வெறிபிடித்தாற்போல், அமிழ்ந்து அமிழ்ந்து எழுந்தன. அவற்றின் மேல் கைகள் இல்லை. நாற்காலி காலியாக இருந்தது.