மேடைக்கு அடியில் ஒரு கைதட்டல்

பள்ளிக்கூடத்தின் பின் கேட் வழியாக வரச் சொல்லியிருந்தார்கள். பின் கேட்டில் பூட்டு தொங்கியது. தச்சர் சாமான் பையைத் தோள் மாற்றிக்கொண்டு முன் கேட்டுக்கு வந்தபோது வெயில் உச்சந்தலையைப் பிளந்தது.

காவலாளி நோட்டைத் திறந்தான்.

"பழைய மாணவரா, வேலைக்கு வந்தவரா?"

"ரெண்டும்தான்."

"ரெண்டுக்கும் சேர்த்து பேட்ஜ் இல்லையே அண்ணே. மாணவருன்னா சாப்பாடு இப்பவே. வேலைன்னா வேலை முடிஞ்சப்புறம்."

"வேலைன்னே எழுது. பசி நமக்குப் பழகினதுதான்."

வாசலில் பெரிய துணி கட்டியிருந்தார்கள். 'சாதித்த எம் மாணவர்களுக்குப் பாராட்டு' என்று எழுதி, கீழே வரிசையாகப் படங்கள். நடுவில் பெரிதாக டாக்டர். ஊரே கையெடுத்துக் கும்பிடும் இதய டாக்டர். தச்சருக்கு மட்டும் அவன் இன்னும் கேப்டன்தான். பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவன், தாளாளர் பெற்ற பிள்ளை. தச்சரை அந்த நாளில் எல்லோரும் ஆப்பு என்று கூப்பிட்டார்கள். அப்பாவும் தச்சர் என்பதால் பையன் சட்டைப்பையில் எப்போதும் ஒரு மரத்துண்டு கிடக்கும். அதனால் வந்த பெயர்.

அரங்குக்குள் ஈரப் பலகையும் பழைய சாக்பீஸும் கலந்த வாசம். மேடையின் கீழ்ப்பகுதியை வெள்ளைத் துணி போட்டு மறைத்திருந்தார்கள். கேப்டன் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு நின்றான்.

"வாடா ஆப்பு. முப்பது பேர் ஒண்ணா நின்னு போட்டோ எடுக்கணும். பலகை ஆடுது. மேலேயே ஆணி அடிச்சு இறுக்கிடு."

"கீழேர்ந்து முட்டுக் கொடுத்தாத்தான் நிக்கும்."

"கீழ திறக்க வேண்டாம்." கேப்டன் குரலைத் தாழ்த்தினான். "உன் பொண்ணு நம்ம ஆஸ்பத்திரியில நர்ஸு. அடுத்த வாரம் அவளை நிரந்தரமாக்கறேன். சாயங்காலம் வரச் சொல்லியிருக்கேன், பூச்செண்டு கொடுக்க. புரியுதா?"

தச்சர் தலையாட்டினார். ஆட்டித்தானே பழக்கம்.

அந்த மேடைக்கு அடியில் ஒரு சின்னக் கதவு உண்டு. இடுப்பளவு உயரம். உள்ளே மடக்கு நாற்காலி அடுக்குவார்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னால், கோடை விடுமுறைக்கு முந்தின நாள், பரிசளிப்பு விழா. குச்சி என்று ஒரு பையன். ஒல்லியாக இருப்பான், வருகைப் பதிவேட்டில் பதினேழாம் எண். கேப்டன் பதினாறு. ஆப்பு பதினெட்டு. நாற்காலி எடுக்க உள்ளே போன குச்சியைக் கேப்டன் விளையாட்டுக்கு அடைத்தான். "ஆப்பு, ஒண்ணு வைடா" என்றான். ஆப்பு சட்டைப்பையிலிருந்த மரத்துண்டை நாதாங்கியில் செருகிக் கல்லால் மூன்று தட்டு தட்டினான்.

"நீ போய் பஸ் பிடி. நான் திறந்து விட்டுடறேன்" என்றான் கேப்டன்.

கேப்டன் மேடை ஏறி முதல் பரிசு வாங்கினான். அரங்கமே கைதட்டியது. கீழே ஒருவன் கதவைத் தட்டியது அந்தச் சத்தத்தில் எவர் காதிலும் விழவில்லை. பரிசோடு அப்பாவின் காரில் ஏறினவன், ஏறினவன்தான். அதன்பின் பள்ளிக்கூடம் ஒன்றரை மாதம் பூட்டிக் கிடந்தது.

குச்சி கணக்கில் பெயிலாகி ஓடிப்போய்விட்டான் என்று ஊர் பேசியது. பள்ளி திறந்த அன்று தாளாளர் ஆப்பின் அப்பாவைக் கூப்பிட்டு, அந்தக் கதவின்மேல் பலகை அடிக்கச் சொன்னார். அப்பா ஆணி அடித்தால் வீட்டுக்கே தெரியும்: இரண்டு சின்ன அடி, ஒரு பெரிய அடி. அன்று வீட்டுக்கு வந்து மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினார். "என்ன நாத்தம்ப்பா?" என்று கேட்ட மகனை அறைந்தார். "எலி" என்றார்.

மறுநாள் கேப்டன் சொன்னான்: "நான் மறந்துட்டேன்டா. நீயும் மறந்துடு."

அவன் மறந்தான். படித்தான், பெரிய ஆளானான். ஆப்பால் அதற்குமேல் படிக்க முடியவில்லை.

தச்சர் மேடையேறி முதல் ஆணியை வைத்தார். இரண்டு சின்ன அடி, ஒரு பெரிய அடி. கை அப்பாவுடையதுதான்.

கீழேயிருந்து அதே மாதிரி மூன்று சத்தம் வந்தது.

எதிரொலி என்று நினைத்துக்கொண்டார். இரண்டாவது ஆணியை வேண்டுமென்றே ஐந்து அடி அடித்தார்.

கீழே மூன்றுதான் கேட்டது.

அதன்பின் அவர் நிமிரவில்லை. வேலையை முடித்துச் சாமான்களைப் பைக்குள் போட்டார்.

நான்கு மணிக்கு அரங்கம் நிரம்பியது. கடைசி வரிசையில், சுவரோரம் ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. குச்சியின் அக்கா. வருஷம் தவறாமல் விழா நாளில் கேட்டுக்கு வந்து நிற்பவள். இந்த வருஷம் காவலாளி இரக்கப்பட்டு உள்ளே விட்டிருந்தான். பக்கத்தில் நின்ற தச்சரை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீ என் தம்பி கூடப் படிச்சவன்தானேப்பா? இந்த வருஷம் உங்க வகுப்புப் பதிவேட்டை எடுத்து எல்லார் நம்பரும் கூப்பிடப் போறாங்களாம். தகவல் கேள்விப்பட்டு எங்கிருந்தாவது வந்துடுவான்னு பார்க்கறேன்."

தச்சர் சாமான் பையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

"நான் அன்னிக்கு அவனைத் திட்டிட்டேன்ப்பா. பெயிலானா வீட்டுப் பக்கம் வராதேன்னு சொல்லிட்டேன். அதான் ஓடிட்டான். என் வாயாலதான் போனான். உனக்கு ஏதாவது தெரியுமா? ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

ஒரே ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரைக்கும் வந்தது. வாசலில் மகள் வருகிறாளா என்று அவர் கண் போனது.

"தெரியாதுக்கா."

மேடையில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டைத் திறந்தார். இந்தப் பள்ளியின் விழா வழக்கம் அது. வாத்தியார் எண்ணைக் கூப்பிடுவார். கலெக்டரானாலும் எழுந்து, சின்னப் பையன் மாதிரி 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும். செய்த சாதனையை வாசிப்பார்கள். கூட்டம் கைதட்டும். பதினேழை மட்டும் தாண்டிவிடும்படி கேப்டன் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான்.

"பதினாறு."

"உள்ளேன் ஐயா!" கேப்டன் துள்ளி எழுந்தான். விருதுகளை வாசித்து முடிக்கவே மூன்று நிமிஷம் ஆயிற்று. கைதட்டல் கூரையைத் தொட்டது.

மெல்ல அடங்கியது.

ஒரு ஜோடிக் கை மட்டும் நிற்கவில்லை.

எங்கோ தாழ்வாக, மரத்தில் மோதுகிற மாதிரி ஒரு கைதட்டல். டப். டப். டப்.

முன்வரிசையில் சிரித்தார்கள். "டாக்டருக்கு அடி மட்டத்துலயும் ரசிகருங்க இருக்காங்கப்பா" என்றான் ஒருவன். வாத்தியாருக்குக் காது மந்தம். பழக்க தோஷத்தில் அடுத்ததைக் கூப்பிட்டுவிட்டார்.

"பதினேழு."

அரங்கில் மின்விசிறிச் சத்தம்.

"உள்ளேன் ஐயா."

பையன் குரல். தொண்டை காய்ந்த குரல்.

மேடைக்கு அடியிலிருந்து.

கடைசி வரிசையில் நாற்காலி சாய்ந்து விழுந்தது. "தம்பீ!" அக்கா ஓடிவந்து மேடைத் துணியைப் பிடித்தாள். "இது அவன்தான்! அவன் குரல் எனக்குத் தெரியாதா? திறங்கய்யா!"

கேப்டன் மைக்கைப் பிடுங்கினான். "யாரோ பல குரல் வித்தை காட்டறான். பயப்படாதீங்க." கூட்டம் 'ஓ'வென்று சிரித்தது. அவன் கண் தச்சரைத் தேடிப் பிடித்தது.

அக்கா தச்சரின் கையைப் பற்றினாள். "நீ தச்சன்தானே, நீயே சொல்லு. உள்ள யாரு?"

தச்சர் வாயைத் திறந்தார். அப்பாவின் குரல் வந்தது.

"எலிக்கா."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு கையை விட்டாள். சுட்டுவிட்ட மாதிரி விட்டாள்.

"பதினெட்டு" என்றார் வாத்தியார், நடந்தது எதுவும் தெரியாமல்.

"நம்ம ஆப்பு!" கேப்டன் மைக்கில் சிரித்தான். "சாதனைன்னு ஒண்ணும் இல்ல. ஆனா இந்த மேடையைத் தாங்கறவன் அவன்தான். கைதட்டுங்க!"

தட்டினார்கள். கீழேயும் தட்டினான்.

தேநீர் இடைவேளையில் கேப்டன் தச்சரைத் துணிக்குப் பின்னால் இழுத்தான்.

"அந்தக் கிழவி போலீஸுக்குப் போறேன்னு கிளம்பிட்டா. டீ முடியறதுக்குள்ள உள்ள இருக்கறதை ஒரு சாக்குல அள்ளிடு. என் கார்ல போட்டுடலாம்."

"அவங்ககிட்டயே கொடுத்துடலாமே கேப்டன். அள்ளி அடக்கமாவது பண்ணிக்கட்டும்."

"கொடுத்துட்டு? வெச்சது உன் ஆப்பு, ஞாபகம் இருக்கட்டும். உன் பொண்ணு வாசல்ல வந்து நிக்கறா. அவளையும் கூட்டிட்டு வந்து சொல்லட்டுமா?"

தச்சர் சாக்கை வாங்கிக்கொண்டார்.

அப்பா அடித்த ஆணிகளைச் சுத்தியலின் பின்பக்கத்தால் நெம்பினார். பலகைகள் பல்லைப் பிடுங்கின மாதிரி வந்தன. பின்னால் கதவு. நாதாங்கியில் அவருடைய ஆப்பு அப்படியே இருந்தது. ஆப்பசைத்த குரங்கின் கதை படிக்காதவனுக்கும் தெரியும். அசைத்தார். வெண்ணெயிலிருந்து வருகிற மாதிரி வந்துவிட்டது. தரையில் வைத்துவிட்டு, டார்ச்சைக் கடித்துக்கொண்டு உள்ளே தவழ்ந்தார்.

கதவின் உள்பக்கம் முழுக்க நகக் கீறல். கீழே தொடங்கி மேலே போய், மறுபடி கீழே வந்து முடிந்திருந்தது. மூலையில் ஒரு கால்சட்டை, ஒரு சட்டை. ஒழுங்காக மடித்து வைத்திருந்தது.

எலும்பு இல்லை. ஒரு பல்கூட இல்லை.

தூசியில் ஒரு சின்ன ஆள் குந்தி உட்கார்ந்த தடம். அதிலிருந்து வெறுங்கால் சுவடுகள் கதவை நோக்கிப் போயின. அவர் முழங்கால் வைத்த இடத்தைத் தாண்டி, வெளியே.

புதுச் சுவடுகள்.

கதவு சாத்திக்கொண்டது.

தட். தட். தட். கல்லால் ஆப்பைத் தட்டுகிற சத்தம்.

மரத்தின்மேல் ஒரு வாய் ஒட்டிக்கொண்டு, அதே தொண்டை காய்ந்த பையன் குரலில் மெதுவாகப் பேசியது. "நீ இரு, ஆப்பு. கேப்டன் வந்து திறந்து விட்டுடுவான்."

பிறகு பலகைகள் திரும்ப ஏறின. இரண்டு சின்ன அடி, ஒரு பெரிய அடி. இரண்டு சின்ன அடி, ஒரு பெரிய அடி. அந்தக் கையை அவருக்குத் தெரியும். அந்தக் கை செத்து இருபது வருஷம்.

"அப்பா!" என்று கத்தினார் தச்சர். அடி நிற்கவில்லை.

தலைக்கு மேல் முப்பது ஜோடிக் காலணிகள் ஏறின. பலகை ஆடவில்லை, நன்றாக இறுக்கியிருந்தார். போட்டோ எடுத்தார்கள். கைதட்டினார்கள். அவர் முஷ்டி கிழியக் கிழிய இடித்தார்.

ஓய்ந்தபோது, மேலே, நேர் மேலே, மகளின் குரல்.

"சார், அப்பாவைப் பார்த்தீங்களா? பை மட்டும் இங்க இருக்கு."

கேப்டனின் ஷூச் சத்தம் மெல்ல நகர்ந்து துணியின் ஓரம்வரை வந்தது. அவன் குனிந்து பார்த்திருக்க வேண்டும். பலகைகள் பழையபடி மூடியிருந்ததைக் கண்டிருக்க வேண்டும்.

தச்சர் தட்டினார். "மா! இங்க இருக்கேம்மா!"

"என்ன சார் சத்தம்?"

"எலி" என்றான் கேப்டன். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. "உங்கப்பா அப்பவே கிளம்பிட்டாரேம்மா. நீ போய் பஸ் பிடி."

அக்கா கூட்டிவந்த போலீஸும் டாக்டர் சொன்னபடி எலி என்றே எழுதிக்கொண்டு போனது. அடுத்த வருஷமும் விழா நடந்தது. வருகைப் பதிவேடு வேண்டாம் என்று கமிட்டி முடிவெடுத்திருந்தது. கேட்டுக்கு வெளியே இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி நரைத்தவள், ஒருத்தி நர்ஸ் உடையில். காவலாளிக்கு இருவரையும் உள்ளே விட உத்தரவில்லை. "உன் அப்பா பெயிலா?" என்று நரைத்தவள் கேட்டாள். "இல்லம்மா. வேலைக்குத்தான் வந்தாரு."

உள்ளே கேப்டனுக்குப் புது விருது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அடங்கிய பிறகு, தரைமட்டத்தில், ஒரு ஜோடிக் கை தொடர்ந்து தட்டிக்கொண்டிருந்தது. பையன் கை இல்லை. கனத்த, வேலை செய்து தடித்த கை.

"எலி" என்றான் கேப்டன் மைக்கில். எல்லோரும் சிரித்தார்கள்.

அவன் நாற்காலியில் வந்து உட்காரப் போனான். இருக்கையில் ஏதோ இருந்தது. எடுத்துப் பார்த்தான்.

விரல் நீளத்துக்கு ஒரு மர ஆப்பு. அப்போதுதான் சீவியது; பச்சை மர வாசம் இன்னும் போகவில்லை.