காலியாகாத நாற்காலி

வேலையிலிருந்து திரும்பி எழுத உட்கார்ந்தபோது நாற்காலி சூடாக இருப்பதை வாருணி உணர்ந்தாள். யாரோ இப்போதுதான் எழுந்து போயிருக்க வேண்டும். மேசைமேல் கணினி விழித்திருந்தது. நேற்று அவள் பாதியில் விட்ட அத்தியாயம் முடிந்திருந்தது, அவள் வழக்கமாக விடும் எழுத்துப் பிழைகளோடு.

"நிங்! என் நாற்காலியில உக்காந்தியா?"

கீழே தங்கை மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். "உன் பேய்க்கதைய நான் எதுக்குக்கா தொடணும்? என் மூஞ்சியப் பாத்தாலே பேய் ஓடிடும்னு நீதான சொல்லுவ!"

தங்கையின் சிரிப்பு கொஞ்சம் அதிகம் என்று வாருணிக்குப் பட்டது. தன் கதை ஓடுவதில் அவளுக்குப் பொறாமையோ? மூன்று வருஷமாக எந்தக் கதையையும் நாலு அத்தியாயத்துக்கு மேல் இழுக்கத் தெரியாதவள்தான் வாருணி. கடைசியில் பாங்காக்கில் எல்லாரும் செய்வதைச் செய்தாள். சந்து முனையில் ஆவிக்கென்று வைத்திருக்கும் குட்டி மாடத்தின் முன் மண்டியிட்டு, சிவப்புச் சோடாவில் உறிஞ்சுகுழல் போட்டு வைத்து, வேண்டிக்கொண்டாள். விவரமானவர்கள் யாருக்கு, எதுவரை என்று தெளிவாகச் சொல்லி வேண்டுவார்கள். அவளுக்குப் பஸ் பிடிக்கிற அவசரம். "சாயங்காலமானா அந்த நாற்காலி காலியாவே இருக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினாள்.

பழக்கம் பிடித்துக்கொண்டது. தினமும் உட்கார்ந்தாள், எழுதினாள், இணையத்தில் வாசகர்கள் சேர்ந்தார்கள். மழையில் சாலை முழுகிப் பஸ்ஸிலேயே மாட்டிக்கொண்ட ஒரே ஒரு சாயங்காலம்தான் தவறியது. அது இன்று.

மறுநாளும் மழை. ஈரத்துணி நாற்றமும் டீசல் புகையுமாகப் பஸ் ஊர்ந்துகொண்டிருக்க, நிங் போன் செய்தாள்.

"எவ்ளோ நேரமாக் கூப்பிடறேன்? மாடியில நீ கீபோர்டு தட்டற சத்தம் மட்டும் கேக்குது. சாப்பிட வாயேன்க்கா."

வாருணி இருக்கையை விட்டு எழுந்தாள். "நிங், நான் பஸ்ல இருக்கேன்."

"கதை விடாதக்கா."

"சத்தியமா. மேல போகாத. வெளிய ஓடு!"

"இரு, உன் காதைத் திருகிக் கீழ கூட்டிட்டு வரேன்."

படியேறும் சத்தம். தட்டும் சத்தம் நெருங்கியது. நின்றது. நிங் மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது.

பிறகு மறுபடியும் தட்டும் சத்தம். மெதுவாக. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி. தட்டச்சு தெரியாதவள் தட்டுவது போல.

வாருணி இறங்கி ஓடினாள். முழங்கால் தண்ணீர். தங்கையையா சந்தேகப்பட்டேன் என்று அழுதுகொண்டே ஓடினாள். வீட்டில் மீன் கருகிய புகை. படிகள். கதவு.

நாற்காலியில் நிங்.

அவள் பின்னால் யாரோ ஒருத்தி குனிந்து நின்றாள். வாருணியின் சட்டை. வாருணியின் கூந்தல். இரண்டு கைகள் நிங்கின் தோள்களை அழுத்திக்கொண்டிருந்தன, குழந்தையைப் படிக்க உட்கார வைப்பது போல.

"விடு அவளை! நான் உக்காரறேன்!"

அது நிமிரவில்லை. பிடி தளரவில்லை.

நிங்கின் கண்கள் மட்டும் திரும்பின. கெஞ்சின. வாருணி பாய்ந்து தங்கையின் கையைப் பிடித்து இழுத்தாள். உடம்பு நாற்காலியை விட்டு அசையவில்லை. கை மட்டும் நீண்டு வந்தது. சில்லென்று.

வாருணியின் உள்ளங்கைக்குள், நிங்கின் விரல்கள் நிற்காமல் தட்டிக்கொண்டிருந்தன.