விருந்தாளி வருவதற்குள்

பாளையங்கோட்டையிலேயே குப்பையான வீடு கோமதிநாயகத்தின் வீடுதான். மற்ற வீடுகளில் இரண்டு நாற்காலி, ஒரு பாய், பளபளக்கும் தரை, அவ்வளவே. இவர் வீட்டிலோ கால் வைக்க இடமில்லை. ஓட்டை வாளி, பழைய செய்தித்தாள், கைப்பிடி போன குடை, எல்லாவற்றுக்கும் மேலே குவியலாகப் பாவாடை சட்டைகள். அத்தனையும் ஏழு வயதுப் பெண் போடும் அளவு.

"சொந்தமா காலப்பரண் வச்சுக்கிட்டு ஏன் அண்ணாச்சி இப்படிக் கெடக்கிய?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். இவர் ஓட்டை வாளியைக் கொஞ்சம் நகர்த்தி அவருக்கு உட்கார இடம் பண்ணுவார்.

பெயர்தான் பரண். பீரோவைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தரையில்தான் நிற்கும். வேண்டாததை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி, ஒன்று முதல் இருபத்தைந்து வரை எண் போட்ட ஆண்டுத் திருகியைத் திருப்பினால் போதும். மறுபடி திறந்தால் உள்ளே காலி. சாமானெல்லாம் குறித்த ஆண்டில், அதே நாளில், அதே இடத்தில் வந்து நிற்கும். நடுவில் திருப்பி எடுக்க வழியே கிடையாது. தூக்கி எறிய மனசும் வராது, வைத்துக்கொள்ள இடமும் கிடையாது என்று தவித்த ஜனங்களுக்கு வேறென்ன வேண்டும்!

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கோமதிநாயகத்தின் மைத்துனியைப் பெண் பார்க்க வந்தார்கள். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே தெருமுனையில் கார் வந்து நின்றுவிட்டது. வீடு கந்தர்கோளமாகக் கிடந்தது. இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"விருந்தாளி முன்னால வந்து நிக்காத. எங்கயாவது போய் ஒளிஞ்சுக்கோ!" என்று மகள் பொன்மதியை விரட்டினார். பிறகு துணி, பொம்மை, பாய் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் வாரிக் காலப்பரணில் அடைத்தார். உள்ளே ஒரு பழைய மெத்தை சாய்ந்து நின்றது. அதற்குப் பின்னால் யார் பார்த்தார்கள்! தலைவலி விட்டதென்று திருகியைக் கடைசிவரை திருப்பினார்.

வந்தவர்கள் பஜ்ஜி தின்று கை கழுவிய பிறகுதான் அவர் மனைவி செண்பகவல்லி கேட்டாள்: "பிள்ளைய எங்க?"

காலப்பரண் கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, சார். அவளுக்கு இது கண்ணு மூடித் திறக்கிற நேரம். நீங்கதான் காத்திருக்கணும்" என்றான். அடுத்து வந்த காலப்பரண்களிலெல்லாம், உள்ளே ஆள் இருந்தால் திருகி திரும்பாதபடி மூச்சுணரி பொருத்தினார்கள். நல்ல காரியம்தான். யாருக்கு என்ன பிரயோஜனம்?

"இனி இந்த வீட்டுல ஒரு துரும்பக்கூட ஒதுக்கப்படாது" என்று செண்பகவல்லி சொல்லிவிட்டாள். தினமும் கதவைத் திறந்து அந்தக் காலி இடத்தைப் பார்ப்பாள். மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு பாவாடை சட்டை தைத்தாள், அதே அளவில். மூன்று வருஷத்துக்கு முன், பாதி தைத்த பாவாடையை மடியில் வைத்தபடியே போய்ச் சேர்ந்தாள். பாவி, இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

இன்றுதான் அந்த நாள். பிள்ளைக்குத் தன்னை அடையாளம் தெரியவேண்டும், அவருக்கு அது ஒன்றுதான் கவலை. அன்றைக்குப் போட்டிருந்த நீலச் சட்டையையே போட்டிருந்தார். அது தொளதொளவென்று தொங்கியது. சொல்லவேண்டியதை நூறு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, கதவைத் திறந்து வைத்து எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார்.

காலியிடம் சட்டென்று நிறைந்தது. மெத்தை சரிந்தது. பொன்மதி வெளியே வந்தாள். காலையில் அம்மா வைத்துவிட்ட பிச்சிப்பூ தலையில் இன்னும் வாடவில்லை.

சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்து அவர் இரண்டு கையையும் நீட்டினார்.

பொன்மதி அவரைப் பார்த்தாள். வீட்டைப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"அதுக்குள்ள வந்துட்டியளா தாத்தா? அப்பா இன்னும் ஒதுக்கி முடிக்கலியே!"

"பொன்னு..."

"வீடு இப்படிக் கெடக்கத நீங்க பாத்தா அப்பா ஏசுவாவ. பாத்தேன்னு சொல்லிராதிய, என்ன?"

பாவாடை சட்டைகளைக் கைகொள்ளாமல் வாரிக்கொண்டுபோய் உள்ளே போட்டாள். திரும்பி வந்து மிச்சத்தையும் வாரினாள். "வேண்டாம்மா, அது உங்கம்மா..." என்று அவர் முழங்காலை ஊன்றி எழுவதற்குள் கதவைச் சாத்திவிட்டாள். எம்பி நின்று, அப்பா செய்வதைப் போலவே திருகியைக் கடைசிவரை திருப்பினாள்.

பிறகு கையைத் தட்டிக்கொண்டு அடுக்களைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள்.

"எம்மா! விருந்தாளி வந்துட்டாவ. காப்பி கொண்டா!"