லைன் போச்சு, உக்காருங்க

கீரனூர் பஸ் ஸ்டாண்டில் நான் இறங்கியபோது மணி மூன்றேகால். ஞாயிற்றுக்கிழமை. புதுக்கோட்டையிலிருந்து அரைமணி நேரப் பயணம்தான். ஆனாலும் அந்த ஊரில் நான் கால் வைத்து இருபத்தேழு வருஷம் ஆகியிருந்தது. திருச்சிக்குப் போகும்போதுகூட கீரனூர் வந்தால் கண்ணை மூடித் தூங்குவதுபோல் நடிப்பேன்.

கோபிநாத் பைக்கோடு காத்திருந்தான். என் பழைய முதலாளி ஏகாம்பரத்தின் மகன்.

"வாங்க மாமா. மாடி ரூமைக் காலி பண்ணணும். செல்போன் கடைக்காரரு வாங்கிட்டாரு, பத்து நாள்ல இடிக்கப் போறாரு. அப்பா சாமான்ல எது வேணும், எது வேணாம்னு ஒங்களுக்குத்தான் தெரியும்."

அவன் மூன்று மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான்தான் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கிண்டி ரேஸ் மைதானத்துக்கே பூட்டுப் போட்டுவிட்டார்கள் என்று பேப்பரில் படித்த பிறகுதான் தைரியம் வந்தது. குதிரையே ஓடாதபோது எனக்கென்ன பயம் என்று நினைத்தேன். என்னைப்போல ஒரு மடையன் இருக்க முடியாது.

படி அதே படி. நடுவில் உடைந்த பதினோராவது படியைக் கால் தானாகவே தாண்டியது.

கோபிநாத் கதவைத் தள்ளித் திறந்துவிட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று கீழே போய்விட்டான். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே இருட்டு. ஜன்னல்களுக்கு அந்தக் காலத்திலேயே தகரம் அடித்திருந்தோம், சத்தம் ரோட்டுக்குப் போகக் கூடாது என்று. வௌவால் எச்சம், பழைய காகிதம், எலி. அதற்கெல்லாம் அடியில் இன்னொரு வாசனை இருந்தது.

பீடி. இப்போதுதான் பற்றவைத்த பீடி.

ஆறு பெஞ்சுகளும் அப்படியே வரிசையாகக் கிடந்தன. எதிரே மேஜை, என் ஸ்டூல். மேஜைமேல் அந்தக் கறுப்பு டயல் போன். அதன் ஒயர் ஒரு முழத்தில் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. லைனை சரண்டர் பண்ணிப் பதினைந்து வருஷம் என்று கோபிநாத் சொல்லியிருந்தான்.

அந்த போன்தான் எனக்குச் சோறு போட்டது.

ஏகாம்பரம் இந்த ரூமில் திருட்டுத்தனமாக ரேஸ் பந்தயம் நடத்தினார். குதிரை ஓடுவது மெட்ராஸில். அங்கே ஒருவன் ரேஸைப் பார்த்து எஸ்.டி.டி. போனில் சொல்வான். நான் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டதை உரக்கச் சொல்வேன். "மூணு முன்னால, ஏழு ஒட்டி வருது, ஒண்ணு உள்ளாற சிக்கிக்கிச்சு..." பெஞ்சில் இருக்கும் இருபது இருபத்தைந்து பேரும் குதிரையைப் பார்த்ததே இல்லை. என் வாயைத்தான் பார்ப்பார்கள். நான் குரலை ஏற்றினால் எழுந்து நிற்பார்கள், இறக்கினால் தலையில் கை வைப்பார்கள். எனக்கு அதில் ஒரு திமிர் இருந்தது. இல்லை என்று இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது.

ரூமில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நடுவில் லைன் அறுந்துவிட்டால், அப்படியே சொல்லிவிட வேண்டும். "லைன் போச்சு, உக்காருங்க." அவ்வளவுதான். எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள். மறுபடி லைன் வந்து ரிசல்ட் சொல்லும்வரை யாரும் இறங்கிப் போகக் கூடாது.

தொண்ணூற்றெட்டில், பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிறு, நாலாவது ரேஸ். மூணே முக்கால் மணி. வேன் ஓட்டும் ஆண்டியப்பன் முதல் பெஞ்சில் இருந்தான். பெண்டாட்டியின் தோட்டை அடகு வைத்து ஏழாம் நம்பர்மேல் கட்டியிருந்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அண்ணே, ஏழு எங்க வருது? ஏழு எங்க வருது?" என்று கேட்டபடியே இருந்தான். குதிரைகள் கடைசி வளைவில் திரும்பின. ஏழு முன்னால் இருந்தது. ரூமே எழுந்து நின்றது.

அப்போது லைன் போய்விட்டது.

நான் சொல்லவில்லை. இருபத்தைந்து பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அந்த நேரத்தில் உட்காருங்கள் என்று சொல்ல மனசு வரவில்லை. செத்துப்போன ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நானாகவே ஓட்டினேன். "ஏழு... ஏழு... ஏழேதான்!"

ஆண்டியப்பன் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். கட்டுப்பாட்டை மறந்து படியில் தாவி இறங்கினான். பெண்டாட்டி செவந்தி எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாள். ரோட்டின் பாதியைக்கூட அவன் தாண்டவில்லை. பிரேக் சத்தம் மாடிவரை கேட்டது.

இரண்டு நிமிஷத்தில் லைன் வந்தது. மூணாம் நம்பர் ஜெயித்திருந்தது. ஏழு நாலாவது.

அப்போதாவது சொன்னேனா? "அப்ஜெக்‌ஷன் வந்திருச்சு, ஏழைக் கீழ எறக்கிட்டாங்க" என்றேன். ரேஸில் அப்படி நடப்பதும் உண்டுதானே. எல்லோரும் நம்பினார்கள். மறுநாளே ஊரை விட்டுப் போய், புதுக்கோட்டையில் ஒரு உரக்கடையில் சேர்ந்துகொண்டேன். அதற்கப்புறம் எங்கேயும் நான் குரலை உயர்த்திப் பேசியதில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு, பெஞ்சுகளுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மணியைப் பார்க்கவில்லை.

போன் அடித்தது.

அறுந்த ஒயர் அசையாமல் தொங்கியது. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

எனக்குப் பின்னால் ஒரு பெஞ்சு முனகியது. பிறகு இன்னொன்று. இருபத்தைந்து பேர் மூச்சுவிடும் சூடு என் பிடரியில் பட்டது. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. கை மட்டும் தானாகப் போய் ரிசீவரை எடுத்தது. இருபத்தேழு வருஷம் ஆனாலும் பழகிய கை அல்லவா.

குளம்புச் சத்தம். தூரத்தில் தொடங்கி, நெருங்கி, காதுக்குள்ளேயே ஓடியது. கடைசி வளைவு வந்ததும் சட்டென்று நின்றுபோனது.

ஒன்றும் இல்லை. செத்த லைனின் அமைதி.

என் இடது தோளுக்குப் பக்கத்திலிருந்து, ரொம்ப மெதுவாக:

"அண்ணே... ஏழு எங்க வருது?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குத்தானே கேட்டான். ஆனால் பயத்தில் என் வாய் பழைய வழியிலேயே போனது.

"ஏழு... ஏழேதான்..."

கன்னத்தில் ஜில்லென்று ஏதோ பட்டது. படிகளில் தடதடவென்று கால்கள் இறங்கின. பதினோராவது படியைத் தாண்டிக் குதித்தன.

பிறகு பிரேக் சத்தம்.

ஓடிப்போய்த் தகரத்தைப் பிய்த்துப் பார்த்தேன். ரோட்டில் ஒன்றுமில்லை. ஒரு டவுன் பஸ் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. டீத்தூக்கோடு கோபிநாத் ரோட்டைக் கடந்து வந்தான். யாரும் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் எதிரே பஸ் ஸ்டாப்பில் வேர்க்கடலை விற்கும் ஒரு பெண் மட்டும் எழுந்து நின்றிருந்தாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ரோட்டின் நடுவே ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவந்தி. தலை முழுக்க நரைத்திருந்தது.

டீயைக் குடிக்காமல் இறங்கிப் போனேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

"ஒங்களுக்கும் கேட்டுச்சாண்ணே?" என்றாள்.

"கேட்டுச்சு தங்கச்சி."

"வாராவாரம் கேக்கும். இந்நேரத்துக்கு. வேற யாருக்கும் கேக்காது. பைத்தியம்பாக." கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அன்னைக்கி நான்தான் கையக் காட்டிக் கூப்புட்டேன். பஸ் கெளம்பப் போவுது, வாங்க வாங்கன்னு. கூப்புடாம இருந்திருந்தா, நின்னு பாத்துத்தான் வந்திருப்பாரு. அதுக்கப்பறம் இந்தக் கைய ஒருத்தருக்கும் ஆட்டுனதில்லண்ணே. எம் மக கல்யாணமாயி கார்ல போறப்பகூட ஆட்டல."

இத்தனை வருஷமும் நான் மட்டும்தான் இதைச் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அதில்கூட ஒரு திமிர். என் பங்கை இவள் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள்.

சொன்னேன். லைன் போனதை, நான் ஓட்டிய ரேஸை, அப்ஜெக்‌ஷன் என்ற பொய்யை, சற்றுமுன் மாடியில் மறுபடியும் சொன்ன பொய்யை. எதையும் விடவில்லை.

அவள் அழவில்லை. கடலை அளக்கும் ஆழாக்கை எடுத்து என் முழங்காலில் ஓங்கி அடித்தாள். இன்னொரு தடவை அடித்தாள். மூன்றாவது தடவை கை பாதியில் நின்றுவிட்டது.

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய?" என்றாள். "வாராவாரம் அவருல்ல சாகுறாரு. அவருகிட்டச் சொல்லுங்க."

"அடுத்த ஞாயிறு வாரேன். ஏழு ஜெயிக்கலன்னு சொல்லிடுறேன்."

"அதச் சொல்லாதீங்க." அவள் ஆழாக்கைக் கீழே வைத்தாள். "தோடு போச்சுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாரு. உக்காரச் சொல்லுங்க, போதும். ரோட்டுக்கு எறங்காம இருந்தாச் சரி."

அடுத்த ஞாயிறு அவளையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறினேன். மூணே முக்காலுக்கு போன் அடித்தது. அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். குளம்புச் சத்தம் வந்தது, வளைந்தது, அறுந்தது.

"அண்ணே... ஏழு எங்க வருது?"

செவந்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அந்தக் குரல் அவளுக்கும் கேட்டுவிட்டது.

"லைன் போச்சு" என்றேன். "லைன் போச்சுப்பா. உக்காருங்க."

எதுவும் அசையவில்லை.

பிறகு முதல் பெஞ்சு மெல்ல முனகியது. ஆள் உட்காரும்போது வருமே, அந்தச் சத்தம்.

நாலு மணிவரை நின்றோம். பிரேக் சத்தம் வரவில்லை. செவந்தி பெஞ்சின் அந்த முனையில், கொஞ்சம் இடம் விட்டு, தானும் உட்கார்ந்தாள். கீழே இறங்கி வந்த பிறகு, நான் புதுக்கோட்டை பஸ் ஏறியபோது, அவள் கையை லேசாகத் தூக்கி ஆட்டினாள். அதைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

கட்டடத்தை இடித்துவிட்டார்கள். கோபிநாத்திடம் சொல்லி அந்த போனை மட்டும் எடுத்து வந்தேன். என் வீட்டு முன்னறையில் ஸ்டூல்மேல் இருக்கிறது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சேர். ஞாயிறு தவறாமல் அது அடிக்கும். எடுப்பேன், சொல்வேன், சேர் முனகும். கொஞ்ச நேரத்தில் செல்லில் செவந்தி கூப்பிடுவாள்.

"உக்காந்துட்டாரா?"

"உக்காந்திருக்காரு."

அவ்வளவுதான் பேச்சு. வைத்துவிடுவாள்.

எனக்கு அறுபத்திநாலு ஆகிறது. சர்க்கரை இருக்கிறது. மத்தியானம் மாத்திரை போட்டால் கண் சொருகும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாத்திரையை மாலைக்குத் தள்ளி வைப்பேன். போன வாரம் மறந்துபோய்ச் சாப்பிட்ட கையோடு போட்டுவிட்டேன். ஸ்டூல் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்தேன். இரண்டு நிமிஷம் கண்ணை மூடியது மாதிரிதான் இருந்தது.

வீட்டு வாசலில் பிரேக் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன்.

மணி மூணு ஐம்பது. பிளாஸ்டிக் சேர் கவிழ்ந்து கிடந்தது. தாழ்ப்பாள் போட்டிருந்த கதவு ஆவென்று திறந்திருந்தது. தெருவில் வண்டி எதுவும் இல்லை.

ரிசீவர் என் கையில் இருந்தது. என் இடது கன்னம் ஈரமாக இருந்தது.

மடியில் செல் அடித்துக்கொண்டிருந்தது. செவந்திதான்.