அங்கி போட்ட கழுதை

நீதிபதி ஃபப்ரீஸியோ நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்திருந்தார்.

நெஞ்சில் கத்தி. கத்திக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு காகிதம்.

அதில் மையால் வரைந்த கழுதை ஒன்று, நீதிபதி அங்கியோடு, ஒரு வாத்துக்குத் தூக்குத் தண்டனை வாசித்துக்கொண்டிருந்தது...

பொலோன்யா நகரில் பெரிய மனிதர்களை மிருகங்களாக வரைந்து மானத்தை வாங்குகிறவன் ஒருவன்தான். ததேயோ! முந்தின நாள் மாலையே மதுக்கடை அடிதடியில் சிக்கிக் கொட்டடியில் கிடந்தான். அதற்கு முன்பே குத்தியிருப்பான் என்று காவல் தலைவர் பால்தோ முடிவு கட்டிவிட்டார். சதுக்கத்தில் தூக்குமரம் தயார்.

மதியம் அவன் மனைவி ஒர்சோலா பால்தோவிடம் வந்தாள். கறுப்பு உடை. கைகள் போர்வைக்குள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"அழலையாம்மா?"

"போன வாரமே அழுது முடிச்சுட்டேன்யா."

போன வாரம்தான் அவள் தம்பி நெல்லோவைத் தூக்கில் போட்டார்கள். ஒரு வாத்தைத் திருடியதற்காக. தீர்ப்புச் சொன்னது ஃபப்ரீஸியோ.

"உன் புருஷனையும் போடப் போறாங்க. புரியுதா?"

"அவர் குத்தலை. படத்தை நல்லாப் பாருங்க."

பால்தோ காகிதத்தை எடுத்தார். முகம் மாறியது.

"காலைல வெளிறிப்போயிருந்துச்சே... இப்ப கரி மாதிரி இருக்கு."

அவரும் தினம் தொட்டெழுதுகிற மைதான். எழுதும்போது வெளிறியிருக்கும், காற்றுப்பட்டால் அரை நாளுக்குள் கறுத்துவிடும்.

"அப்போ விடியக்காலைல வரைஞ்சது. அதுக்கப்புறம்தான் கத்தி இறங்கியிருக்கு. அந்த நேரம் உன் புருஷன் என் கொட்டடியில குறட்டை விட்டுட்டிருந்தான்."

"அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"சரி, கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிட்டுப் போ."

போர்வைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது.

விரல் நுனியெல்லாம் கறுப்பு!

"காலைல உன் வீட்டைச் சோதனை போட்டப்போ கை சுத்தமா இருந்துச்சே..."

"கழுவியிருந்தேன். ஆனா இந்த மை போகாதுய்யா, அப்புறம்தான் கறுக்கும்."

"நீ... வரைவியா?"

"அவருக்கு எலி வரையக்கூட வராது. ஓவியர் சங்கத்துல பொம்பளையைச் சேக்க மாட்டாங்க. கையெழுத்து மட்டும் அவரோடது."

"கத்தி?"

"என்னோடது. எழுதுற இறகு சீவுறது."

பால்தோ காகிதத்தைக் கீழே வைத்தார்.

"படத்தை ஏம்மா விட்டுட்டு வந்தே?"

"எதுக்குச் சாகறோம்னு அந்த நீதிபதிக்குத் தெரியணும்ல. வீட்டுக்காரர் உங்ககிட்ட பத்திரமா இருக்கார், அவர்மேல பழி வராதுன்னு நெனச்சேன். நீங்க இவ்வளவு அவசரப்படுவீங்கன்னு தெரியலை."

"வராம இருந்திருந்தா நீ தப்பிச்சிருப்பே."

"எங்க வீட்ல ஏற்கெனவே ஒரு தப்பான தூக்கு விழுந்தாச்சு. இதாவது சரியான ஆளுக்கு விழட்டும்."

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. பால்தோவுக்கு எதையாவது அதட்டிவைக்க வேண்டும் போலிருந்தது.

"இருந்தாலும் ஒரு நீதிபதியைக் கழுதையா வரையலாமா? தப்பில்லை?"

"தப்புதான்யா. கழுதைகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் வரைஞ்சேன்."