இருநூற்று எழுபத்தைந்து ஃபிரேம்

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த செல்லதுரை பெரியவர் கண்ணை மூடியிருந்தார். சிமிட்டியிருப்பார் என்றுதான் தமிழ்நிலா முதலில் நினைத்தாள். கல்யாண வீடியோவை ஒரு ஃபிரேம் முன்னே நகர்த்தினாள். மூடியிருந்தது. பத்து ஃபிரேம் நகர்த்தினாள். மேடையில் தாலி ஏறியது. பெரியவர் கையை உயர்த்திக் குறி தவறாமல் அட்சதை போட்டார், பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி ஏதோ சொல்லிச் சிரித்தார். கண்கள் மட்டும் திறக்கவே இல்லை.

மாலை ஆறரை மணி. தெருவுக்கு அப்பால் அறுவடை இயந்திரம் கடைசி வயலில் உறுமிக்கொண்டிருந்தது. பச்சை வைக்கோல் வாசமும் டீசல் புகையும் கொசுவர்த்தியின் காரமும் ஒன்றாகக் கலந்து ஜன்னல் வழியே வந்து, நேற்று வாங்கிய மானிட்டரின் பின்பக்கச் சூட்டோடு சேர்ந்து அறையில் தேங்கி நின்றன. அவள் அதே வீடியோவைக் கைபேசியில் ஓடவிட்டாள். அதில் பெரியவரின் கண்கள் நன்றாகத் திறந்திருந்தன.

நோட்டை எடுத்தாள். மாலை வகுப்பில் சேர்ந்த நாள் முதல் எல்லாவற்றையும் எழுதி வைப்பது அவள் வழக்கம். "திங்கள். ஒரே ஃபைல். கைபேசியில் திறந்த கண், மானிட்டரில் மூடிய கண். காரணம்: கேபிள்? பேனல்? இல்லை, நான் சரியாகப் பார்க்கவில்லையா?" மூன்றாவது கேள்வியின் கீழ்க் கோடு போட்டாள். அவளுடைய சந்தேகம் எப்போதும் அங்கேதான் போய் முடியும்.

மானிட்டருக்காக இரண்டு வாரம் அலைந்திருந்தாள். திருத்துறைப்பூண்டியில் எடிட்டிங் சொல்லிக்கொடுக்கும் ராஜராஜன் சார் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "மலிவுன்னு ஏதாவது ஒண்ண வாங்கிடாதம்மா. தலையை ஆட்டினா கலர் மாறுற பேனல்ல முகத்தைத் திருத்தவே முடியாது. முதல்ல பேனல், அப்புறம் கலர், அப்புறம்தான் அங்குலம்." சேரன் அண்ணனின் கல்யாண வீடியோ அவளுடைய முதல் வேலை. அது நன்றாக வந்தால் சார் தன் ஸ்டூடியோவில் அவளை வைத்துக்கொள்வார். புதிதில் நல்ல பேனலின் விலை கைக்கு எட்டவில்லை. கைக்கு எட்டியதில் தோல் நிறம் சுண்ணாம்பாக வெளுத்தது. கடைசியாக, பழைய கணினி விற்கும் ஜெய்னுலாபுதீன் பாய் கடையில் இது கிடைத்தது. இருபத்துநான்கு அங்குலம், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐ.பி.எஸ். பேனல். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று ஐந்து நிறத்தையும் திரை முழுக்கப் போட்டு, ஒளிராத செத்த புள்ளி இருக்கிறதா என்று அரை மணி நேரம் தேடினாள். ஒன்றுகூட இல்லை.

"பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்ளோ நேரம் பாக்க மாட்டாங்கம்மா," என்றார் பாய்.

"இவ்வளவு நல்லா இருக்கே, ஏன் பாய் பாதி விலைக்குத் தர்றீங்க?"

"கம்மியா சொன்னாலும் சந்தேகமா? கீழ்வேளூர்ல ஒரு ஸ்டூடியோக்காரரோடது. கண்ணீர் அஞ்சலி பேனர்தான் அவருக்கு மெயினு. சில பேருக்கு ஒரு போட்டோகூட இருக்காது பாத்தியா, செத்த அப்புறம்தான் எடுப்பாங்க. மூடின கண்ண இவரு கம்ப்யூட்டர்ல தொறந்து வச்சுடுவாரு. உயிரோட இருக்கிற மாதிரியே இருக்கும்."

"இப்ப ஏன் வித்துட்டாரு?"

"பார்வை போயிடுச்சும்மா, ரெண்டு கண்ணும். அவருக்கு எதுக்கு இனிமே மானிட்டரு? ஏழு நாள் டைம் தரேன். புடிக்கலன்னா கொண்டாந்து போட்டுட்டு காச வாங்கிக்க."

செவ்வாய்க்கிழமை கேபிளை மாற்றினாள். பெரியவரின் கண்கள் மூடியே இருந்தன. வகுப்பு மானிட்டரில் போட்டுப் பார்த்தாள், திறந்திருந்தன. புதன்கிழமை காலை சேரன் அண்ணன் சைக்கிளை விட்டு இறங்காமலே வாசலில் இருந்து கூப்பிட்டான். "நிலா, செல்லதுரை பெரியப்பா போயிட்டாரு. நல்ல போட்டோ ஒண்ணுகூட இல்ல. கல்யாண வீடியோவிலேர்ந்து ஒண்ணு எடுத்துத் தா, பேனருக்கு."

திங்கள், செவ்வாய், புதன். விரலை மடக்கி எண்ணியவள் நோட்டில் எழுதவில்லை.

அன்று மாலை மானிட்டரில் கல்யாணத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரையும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பெண்வீட்டார், மேளக்காரர்கள், ஐஸ்கிரீமோடு ஓடும் பிள்ளைகள், பெரியவரைத் தவிர எல்லோர் கண்களும் திறந்திருந்தன. மூச்சு சீரானது. பந்திக்கு வந்தாள். அப்பா இளவழகன் சாம்பார் வாளியோடு இலைகளுக்கு நடுவே வந்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஊற்றினார். நிமிர்ந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

மூடிய கண்களோடு.

நோட்டைப் புரட்டினாள். திங்கட்கிழமை அவளே எழுதியிருந்தாள்: "பந்தி, பதினோரு விநாடி. அப்பா நேராகப் பார்த்துச் சிரிக்கிறார். கண்ணில் நல்ல வெளிச்சம். வைத்துக்கொள்ளலாம்."

அம்மா பொன்னுத்தாய் டீயோடு வந்து திரையைப் பார்த்துச் சிரித்தாள். "உங்கப்பாவப் பாரேன், தூங்கிக்கிட்டே பரிமாறுறாரு!"

ஆகவே பார்வைக் கோளாறு இல்லை.

பாய்க்கு போன் செய்தாள். "தாராளமா கொண்டாம்மா, ஏழு நாள்னு சொன்னேன்ல?" என்றார். ஆனால் காய்ச்சல் பார்க்கும் கருவியைத் திருப்பிக் கொடுத்தால் காய்ச்சல் இறங்குமா? இல்லை, இந்தக் கருவியேதான் காய்ச்சலைக் கொடுக்கிறதா? இரண்டையும் எழுதினாள்.

வியாழக்கிழமை காலை அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நெல் கொள்முதல் நிலையத்தில் அவருக்கு மூட்டை தூக்கும் வேலை. "ரெண்டு நாள் போவாதீங்கப்பா."

"அறுப்பு நேரத்துல என்னன்னு சொல்லி லீவு கேக்குறது? எம்பொண்ணு டிவியில நான் கண்ண மூடிட்டேன்னு சொல்லட்டுமா?"

"டிவி இல்லப்பா. மானிட்டர்."

"பேரு மாத்திச் சொன்னா லீவு குடுத்துடுவானா?" சிரித்துக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டார். அந்தக் கண்கள் சிமிட்டின. இரண்டு முறை. எண்ணினாள்.

அன்று மாலை அவள் வகுப்புக்குப் போகவில்லை. மூடின கண்ணை இவரு தொறந்து வச்சுடுவாரு. பாய் சொன்னது காதிலேயே நின்றது. திறக்க ஒரு ஜோடிக் கண்கள் வேண்டும். மானிட்டரில் அப்பாவின் எந்தப் படத்தைத் திறந்தாலும் இமைகள் மூடியிருந்தன, அம்மாவோடு நாகூரில் எடுத்ததுகூட. அப்படியே அப்பா கண்ணு உனக்கு என்று ஊரே சொல்லும். தன் வகுப்பு அடையாள அட்டைப் படத்தைத் திறந்தாள். இரண்டு கண்களையும் வெட்டி எடுத்தாள். இடக்கண்ணின் வெள்ளையில் எள்ளளவு பழுப்புப் புள்ளி, பிறந்ததிலிருந்து இருப்பது. அதை அழிக்க நேரமில்லை. பதினோரு விநாடி, விநாடிக்கு இருபத்தைந்து. இருநூற்று எழுபத்தைந்து ஃபிரேம். ஒவ்வொன்றிலும் வைத்து, சாய்வைத் திருப்பி, ஓரத்தை மென்மையாக்கி, நிழலைச் சேர்த்தாள். முடித்தபோது வெள்ளிக்கிழமை விடிந்திருந்தது. கண் எரிந்தது. ஓடவிட்டாள்.

அப்பா சாம்பார் ஊற்றினார். நிமிர்ந்தார். திறந்த கண்களோடு சிரித்தார்.

அப்படியே மேசையில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

பகல் இரண்டு மணிக்கு வாசலில் டிராக்டர் நின்றது. அம்மா அலறுவது கேட்டு எழுந்து ஓடினாள். அப்பா நின்றுகொண்டிருந்தார். தன் காலிலேயே. தலையிலிருந்து பாதம்வரை தூசு.

கூட வந்த லோடுமேன் ஒருவர் மூச்சு வாங்கச் சொன்னார். "மூட்டை அடுக்கு சரிஞ்சு இவரு மேலேயே விழுந்துடுச்சும்மா. எட்டுப் பேரு சேந்து எடுக்கவே கால் மணி நேரம் ஆச்சு. முடிஞ்சுதுன்னுதான் நெனச்சோம். ஆனா அடியில, கண்ணத் தொறந்துகிட்டே கெடந்தாரு."

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றார் அப்பா. குரல் அவருடையதுதான்.

"மொதல்ல கண்ணக் கழுவுங்க, நெல்லுச் சுனை அரிக்கப்போவுது," என்றாள் அம்மா.

"அரிக்கல."

அவர் உள்ளே வந்து பாயில் மல்லாந்து படுத்தார். அம்மா தண்ணீர் எடுக்கக் கொல்லைக்கு ஓடினாள். தமிழ்நிலா பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எண்ணத் தொடங்கினாள். ஐம்பது. நூறு. சிமிட்டவில்லை. இருநூறு. மார்பு அசைகிறதா என்று பார்த்தாள். தெரியவில்லை. இருநூற்று எழுபத்தைந்து.

குனிந்தாள்.

விழிகளின் மேல் நெல் தூசு. மெல்லிய படலம். உமி ஒன்று கருவிழியில் ஒட்டியிருந்தது. இடக்கண்ணின் வெள்ளையில், எள்ளளவு, பழுப்புப் புள்ளி.

"அப்பா."

விழிகள் மட்டும் அவள் பக்கம் திரும்பின. உமியும் கூடவே நகர்ந்தது.

வாசலில் இரண்டு மணி வெயில் கொதித்தது. அம்மா வாளியோடு வரும் சத்தம் கேட்டது, அம்மா தெரியவில்லை. சுவர் தெரியவில்லை. ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. பார்வை போயிடுச்சும்மா, ரெண்டு கண்ணும் என்று கடையில் பாய் சொன்னது காதில் கேட்டது. நடுவில் அந்த இரண்டு கண்கள் மட்டும், திறந்து.